கொழுப்புத் திசுவும் ஒரு சுரப்பிதான்

பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடத்தை முடித்ததும் மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளில் எடை மிகுந்தது எது?" கணையம் என்று சிலர் சொல்வார்கள். தைராய்டு என்று சிலர் சொல்வார்கள். கொழுப்பு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. திசுக்கள் பாடத்தில் அடிபோஸ் திசுவை இணைப்புத் திசுவின் ஒரு வகையாகத்தான் அவர்கள் படித்திருக்கிறார்கள். கொழுப்பைச் சேமிப்பது, உடல் வெப்பத்தைக் காப்பது, உள்ளுறுப்புகளுக்கு மெத்தைபோல் இருப்பது என்பவை அதன் பணிகள். மூன்றும் சரியே. கடந்த 30 ஆண்டுகால ஆய்வுகள் இவற்றோடு நான்காவது பணி ஒன்றையும் சேர்த்திருக்கின்றன. கொழுப்புத் திசு ஹார்மோன்களைச் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. மூளை, கல்லீரல், தசை, ரத்தக் குழாய், இதயம் ஆகிய அனைத்துக்கும் அதன் செய்தி போய்ச் சேர்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தைராய்டு சுரப்பியின் எடை ஏறத்தாழ 20 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் கால் பங்கு கொழுப்பு என்று கொண்டால் அது 15 கிலோ. இவ்வளவு பெரிய சுரப்பியின் சுரப்பு மாறினால் உடலின் எந்தப் பகுதியும் அதற்குத் தப்பாது. குறிப்பாக இதயம் தப்பாது.

இதை நாம் தெரிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது நம்மைப் பற்றியது. எந்தப் பள்ளியின் ஆசிரியர் ஓய்வறையிலும் மதிய உணவுக்கு முன் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மேசைக்கு வருகின்றன. இரண்டாவது நம் மாணவர்களைப் பற்றியது. ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் "குண்டு" என்ற பட்டப்பெயரோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்த உடலைச் சோம்பலின் அடையாளமாக நினைப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதையும் இந்த அறிவியல் சொல்கிறது.

சுண்டெலியிலிருந்து கிடைத்த செய்தி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949ஆம் ஆண்டு மிகவும் பருத்த சுண்டெலிகள் சில பிறந்தன. அவை ஓயாமல் தின்றன. சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு எடைக்கு வளர்ந்தன. ஒரு மரபணுக் குறையே காரணம் என்பது தெரிந்தது. அந்தக் குறை என்ன செய்கிறது என்பது பல ஆண்டுகளுக்குப் புதிராகவே இருந்தது.

அதே ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மன் பின்னாளில் ஒரு சோதனை செய்தார். பருத்த எலியையும் சாதாரண எலியையும் இணைத்து, ஒன்றின் ரத்தம் மற்றொன்றின் உடலிலும் சுழலும்படி செய்தார். பருத்த எலி தின்பதைக் குறைத்து மெலிந்தது. "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் சாதாரண எலியின் ரத்தத்தில் இருக்கிறது, பருத்த எலியிடம் அது இல்லை என்று கோல்மன் முடிவுக்கு வந்தார்.

அந்தப் பொருளுக்கான மரபணுவை 1994ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. அந்த ஹார்மோனைச் சுரப்பது கொழுப்புச் செல் என்பதும் அப்போது தெரிந்தது. 'மெலிந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கொழுப்பின் இருப்பு எவ்வளவு என்பதை லெப்டின் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதிக்குத் தெரிவிக்கிறது. இருப்பு போதுமானதாக இருந்தால் பசி அடங்குகிறது. இருப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது, பசி கிளம்புகிறது.

மனிதருக்கும் இது பொருந்துமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபரூக்கியும் ஸ்டீஃபன் ஓ'ராஹிலியும் பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகளைக் கண்டறிந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு 9 வயதில் எடை 90 கிலோவைத் தாண்டியிருந்தது. எவ்வளவு உண்டாலும் அவளுக்குப் பசி தீரவில்லை. லெப்டின் ஊசி தொடங்கியதும் பசி அடங்கியது. ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோ குறைந்தது. இந்த முடிவு 1999இல் வெளியானது. அந்தச் சிறுமியிடம் மன உறுதி இல்லை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவளிடம் இல்லாதது ஒரு ஹார்மோன்.

இத்தகைய பிறவிக் குறை மிக அரிது. சாதாரணமாகப் பருமனாக இருப்பவர்களின் ரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. மூளைதான் அதைக் கவனிப்பதில்லை. பள்ளி மணி நாள் முழுவதும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் பாடவேளை முடிந்தது என்று யார் எழுவார்கள்? இதை லெப்டின் எதிர்ப்புநிலை என்கிறார்கள். பசியைக் குறைப்பதில் பயன்படாத அதே லெப்டின், பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டி ரத்த அழுத்தத்தை உயர்த்துவதில் மட்டும் தன் வேலையைத் தொடர்கிறது. பிறவியிலேயே லெப்டின் இல்லாதவர்கள் மிகப் பருமனாக இருந்தும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் பெரும்பாலும் உயர்வதில்லை. லெப்டினுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை இது காட்டுகிறது.

செல் நிரம்பி வழியும்போது

லெப்டினுக்குப் பிறகு கொழுப்புத் திசுவிலிருந்து வரும் செய்திப் பொருள்கள் வரிசையாகத் தெரியவந்தன. இவற்றைப் பொதுவாக அடிப்போகைன்கள் என்கிறார்கள். இதயத்தோடு தொடர்புடைய சிலவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

அடிப்போனெக்டின் 1995-96இல் கண்டறியப்பட்டது. இன்சுலினின் பேச்சைத் தசையும் கல்லீரலும் கேட்கும்படி செய்வது இதன் பணி. ரத்தக் குழாயின் உட்சுவரில் அழற்சியையும் இது தணிக்கிறது. ரத்தத்தில் இதன் அளவு லெப்டினைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இதில் ஒரு விந்தை உண்டு. சுரப்பது கொழுப்புச் செல்தான் என்றாலும், கொழுப்பு கூடக் கூட அடிப்போனெக்டின் குறைகிறது.

காரணம் செல்லின் நிலை. அளவோடு நிரம்பிய சிறிய கொழுப்புச் செல் ஆரோக்கியமானது. உண்பது கூடி, உழைப்பது குறையும்போது அந்தச் செல் பலூன்போல் உப்புகிறது. அதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. சில செல்கள் இறக்கின்றன. அவற்றைத் துப்புரவு செய்ய மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்கள் வந்து சூழ்கின்றன. பருமனானவர்களின் கொழுப்புத் திசுவில் இவை பெருமளவில் குவிந்திருப்பதை 2003இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதற்குப் பின் அந்தத் திசுவிலிருந்து வரும் செய்தியே மாறிவிடுகிறது. அடிப்போனெக்டின் குறைகிறது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 ஆகியவை கூடுகின்றன.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கும். அதுவும் அழற்சிதான். அது சில நாளில் ஆறிவிடும். கொழுப்புத் திசுவில் நடப்பது வலியில்லாத, காய்ச்சலில்லாத, ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும் அழற்சி. எந்த அறிகுறியும் இல்லை என்பதால்தான் அது ஆபத்தானது.

இதயக் குழாயில் நடப்பது

கரோனரி தமனி அடைத்துக்கொள்வதை, தண்ணீர்க் குழாயில் பாசி படிவதுபோல என்று வகுப்பில் விளக்குகிறோம். தொடக்க வகுப்புகளுக்கு அது போதும். உயர்நிலை மாணவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே சொல்லலாம்.

தமனியின் உட்சுவர் உயிருள்ளது. அது அழற்சிக்கு உள்ளாகும்போது வெள்ளையணுக்கள் ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கிறது. சுவருக்குள் நுழைந்த எல்.டி.எல் கொலஸ்டிராலை அந்த அணுக்கள் விழுங்கி, விழுங்கி, நுரைபோல் உப்பி அங்கேயே தங்குகின்றன. இப்படி உருவாவதுதான் கொழுப்புப் படிவு. அதன் மேல்மூடி என்றாவது ஒரு நாள் கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுவே மாரடைப்பு.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் கொழுப்புத் திசுவின் பங்கு இருக்கிறது. அடிப்போனெக்டின் குறைவதால் உட்சுவரின் பாதுகாப்பு குறைகிறது. இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டி, அழற்சியின் அடையாளமான சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் ஆஞ்சியோடென்சினோஜென் ரத்த அழுத்தம் உயர வழி செய்கிறது. பி.ஏ.ஐ-1 என்ற மற்றொரு பொருள், உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கிறது. இதயத்தின் மேற்பரப்பில் கரோனரி தமனிகளை ஒட்டியே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. அதற்கும் இதயத் தசைக்கும் இடையே தடுப்புச் சவ்வு இல்லை. அங்கே சுரப்பது நேராக அண்டை வீட்டுக்குப் போய்விடுகிறது.

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த கேன்டோஸ் ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. அழற்சிப் பொருள் ஒன்றைத் தடுக்கும் மருந்து, கொலஸ்டிராலைக் குறைக்காமலேயே மீண்டும் மாரடைப்பு போன்றவை வருவதை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்தது. அதே நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் சற்றுக் கூடின. எனவே அது எல்லாருக்குமான மருந்தாகவில்லை. ஆனால் அழற்சி வெறும் பார்வையாளர் அல்ல என்பது உறுதியாயிற்று.

அடிப்போனெக்டினைக் கூட்டினால் இதயம் காக்கப்படுமா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. மரபணு அடிப்படையிலான ஆய்வுகள் அதைத் தெளிவாக உறுதிசெய்யவில்லை. இதயம் ஏற்கெனவே பலவீனமானவர்களில் அடிப்போனெக்டின் மிகுந்திருப்பது நல்ல அறிகுறியாகவும் இல்லை. ஆகவே, "ஹார்மோன் ஊக்கி" என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் பொடிகளை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்று உடன் பணியாற்றுவோரிடம் நான் சொல்வதுண்டு.

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது

பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் ஜான் வாக் 1947ஆம் ஆண்டிலேயே ஒன்றைக் கவனித்தார். இடுப்புக்கு மேலே, வயிற்றைச் சுற்றிப் பருப்பவர்களுக்கு நீரிழிவும் தமனி நோயும் அதிகம். தொடையிலும் பின்புறத்திலும் பருப்பவர்களுக்கு அவ்வளவு இல்லை.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வேறு, குடலைச் சுற்றியிருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு வேறு. உள்ளுறுப்புக் கொழுப்பின் ரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. அது விடுவிக்கும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் முதலில் கல்லீரலைத்தான் தாக்குகின்றன. இன்சுலின் எதிர்ப்புநிலையும் கல்லீரல் கொழுப்பும் அங்கிருந்து தொடங்குகின்றன.

இதை விளக்க இரண்டு சான்றுகள் எனக்கு எப்போதும் உதவுகின்றன. முதலாவது, 2004இல் அமெரிக்காவில் 15 பெண்களிடம் நடந்த ஆய்வு. அவர்களின் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். எடை குறைந்தது. ஆனால் இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், அழற்சி அளவுகள், அடிப்போனெக்டின் எதிலும் முன்னேற்றம் இல்லை. இரண்டாவது, லிப்போடிஸ்டிரோஃபி என்ற அரிய நோய். இந்நோய் உள்ளவர்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பே இருக்காது. அதனால் அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதில்லை. சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர, கடுமையான நீரிழிவு வருகிறது. உரிய இடத்தில், உரிய அளவில் இருக்கும் கொழுப்புத் திசு உடலுக்குத் தேவையான உறுப்பு. அதைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை.

ஒல்லியாக இருந்தால் கவலை இல்லையா?

"நான் ஒல்லிதான், எனக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்வேன். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யூட்கினும் அருகருகே நிற்கும் படம் அது. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே, 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு. யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடை இயந்திரம் இந்த வேறுபாட்டைக் காட்டவே இல்லை.

இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்றும் யாஜ்னிக்கின் குழு கண்டது. புனே பகுதிக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் நம் குழந்தைகளிடம் சிறியவை. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயநோய் வல்லுநர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் இன்டர்ஹார்ட் ஆய்வு நடந்தது. 27,000 பேரின் அளவுகளை ஒப்பிட்டதில், மாரடைப்போடு உடல் நிறை குறியீட்டெண்ணைவிட இடுப்புச் சுற்றளவு விகிதமே நெருக்கமாகப் பொருந்தியது. அதே ஆய்வில் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. பிற நாடுகளில் 58.8. ஓய்வு பெறும் முன்பே வரும் நோய் இது என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

ஒரு நூல் போதும். உங்கள் உயரத்துக்கு நூலை வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் உங்கள் வயிற்றைச் சுற்றி வர வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ளவரின் வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. நூல் எட்டவில்லை என்றால், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். தெற்காசியருக்கான பொதுவான எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

மாணவர்களுக்கு இதை விகிதம் பற்றிய கணக்காகக் கற்பிக்கலாம். ஆனால் வகுப்பில் ஒருவரை எழுப்பி நிறுத்தி அளக்கக் கூடாது. எண்களைக் கற்பனையாகக் கொடுத்தே கணக்குப் போடச் சொல்லலாம். பிள்ளையின் உடல்நிலை குறித்து உண்மையான கவலை இருந்தால் பெற்றோரிடம் தனியே பேசுவதும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் தெரிவிப்பதும் போதுமானவை.

உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. தேர்வு நெருங்கினால் அது இன்னும் கூடும். ஓடியாடும்போது உள்ளுறுப்புக் கொழுப்பு கரைகிறது, எடை அவ்வளவாகக் குறையாதபோதும் கரைகிறது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடமும், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமும் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பாடவேளை சிலருக்கு அன்றைய ஒரே ஓட்டமாக இருக்கலாம்.

தூக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வுதான், குறுகிய காலம்தான். இருந்தாலும் பொதுத்தேர்வுக்காக நள்ளிரவு வரை விழித்திருக்கச் சொல்லும் முன் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

இறுதியாக, நம் சொற்கள். பசி, நிறைவு, கொழுப்பு சேரும் இடம் ஆகிய மூன்றிலும் மரபணுவுக்கும் ஹார்மோனுக்கும் பெரும் பங்கு உண்டு. உணவும் உழைப்பும் தூக்கமும் நம் கையில் உள்ள பங்கு. "குறைவாகத் தின்னு" என்று பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையிடம் சொல்வதால் அதன் லெப்டின் சீராகப் போவதில்லை. "வா, விளையாடப் போகலாம்" என்று எல்லாரோடும் சேர்த்து அழைத்தால், அந்தப் பிள்ளையின் இதயத்துக்கு அது நல்லது. கூடவே நாமும் மைதானத்துக்குப் போனால் நம் இதயத்துக்கும் நல்லது.